பள்ளி திறந்திருக்கிறது, வீடு மூடப்பட்டிருக்கிறது: நீலகிரியில் தனிமைப்படுத்தலும் வருகைக் கணக்கும்

கொரோனா காலத்தில் நீலகிரிப் பெற்றோரைத் திணறடித்த ஒரு கேள்வி இன்றும் தீரவில்லை. வீட்டில் ஒருவருக்குத் தொற்று. பிள்ளை நலமாக இருக்கிறான். அவனை வெளியே அனுப்பக் கூடாது என்று சுகாதாரத் துறையினர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பள்ளியோ வழக்கம்போல் நடக்கிறது. அவன் வீட்டில் இருந்த நாட்கள் வருகைப் பதிவேட்டில் என்னவாக ஏறும்? எல்லைக்கு அப்பால் கேரளத்தின் வயநாட்டுப் பக்கமோ மலப்புறத்துப் பக்கமோ நிபா வைரஸ் என்று செய்தி வரும்போதும், வகுப்பறையில் பொன்னுக்கு வீங்கி பரவும்போதும், கூடலூரிலும் பந்தலூரிலும் இதே கேள்வி மீண்டும் கிளம்புகிறது.

பதில் காண வேண்டுமானால் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்று, சுகாதாரத் துறை எண்ணும் நாட்கள். மற்றொன்று, பள்ளி எண்ணும் நாட்கள். இரண்டையும் எழுதுபவர்கள் வெவ்வேறு அலுவலகங்களில் இருக்கிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. பிள்ளைகளுக்கு வந்த பாதிப்பில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் விளைந்தது.

## நோயாளியின் தனிமை, உடனிருந்தவரின் தனிமை

பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். விதிகளில் இவை வேறு வேறு.

1. நோயாளியின் தனிமை: தொற்று உறுதியானவர், பிறருக்குப் பரப்பும் நிலை நீங்கும்வரை ஒதுங்கியிருப்பது. அறிகுறி தோன்றிய நாளிலிருந்தோ பரிசோதனை நாளிலிருந்தோ இது எண்ணப்படும்.

2. உடனிருந்தவரின் தனிமை: தொற்றியதா இல்லையா என்று இன்னும் தெரியாதவர், நோய் அரும்பும் காலம் முழுவதும் காத்திருப்பது. நோயாளியோடு கடைசியாகப் பழகிய நாளிலிருந்து இது எண்ணப்படும்.

கொரோனாவின் தொடக்க வகைகளில் தொற்றியவருக்குச் சராசரியாக ஐந்து நாட்களில் அறிகுறி தெரிந்தது. சிலருக்கு 14 நாட்கள் வரை ஆனது. உடனிருந்தவருக்கு 14 நாள் என்ற விதி அப்படி வந்ததுதான். மூன்றாம் நாளில் பரிசோதனை செய்து தொற்று இல்லை என்று வந்தாலும் அது முடிவான பதில் ஆகாது. எட்டாம் நாளில் நோய் வெளிப்பட இன்னும் இடம் இருக்கிறது.

நோயாளியின் நாட்களோ குறைந்துகொண்டே வந்தன. 2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வீட்டுத் தனிமை நெறிமுறை, அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 நாள், அதன்பின் மேலும் 7 நாள் என்றது. 2021 ஏப்ரலில் அது 10 நாள் ஆயிற்று. 2022 ஜனவரியில் 7 நாள் ஆயிற்று. கடைசி மூன்று நாட்கள் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. காய்ச்சல் வந்த தகப்பனார் வேலைக்குத் திரும்பிவிடுகிறார், காய்ச்சலே வராத மகன் இன்னும் வீட்டில் இருக்கிறான் என்ற விசித்திரம் இப்படித்தான் நேர்ந்தது. பலர் இதை அதிகாரிகளின் தவறு என்று நினைத்துக் கோபப்பட்டார்கள். விதியின் தர்க்கப்படி அது சரிதான்: தகப்பனாரின் நோய் முடிந்தது தெரியும், மகனுக்குத் தொடங்கியதா என்பது தெரியாது.

இந்த ஒழுக்கம் நமக்குப் புதிதும் இல்லை. அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருந்த வழக்கம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். அங்கே ஒதுங்கியிருந்தது நோயாளி மட்டும். உடனிருந்த உடன்பிறப்புகளையும் நிறுத்திவைப்பதுதான் பெருந்தொற்று விதியில் கூடுதலாக வந்தது. பள்ளியோடு மோதியதும் அந்தக் கூடுதல் பகுதிதான்.

## லயன் வீட்டில் நாட்கள் நீள்வது எப்படி

14 நாள் என்று விதியில் எழுதியிருக்கலாம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டில் அது 14 நாளில் முடிவது அரிது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, வரிசைக்கெல்லாம் பொதுவான தண்ணீர்க் குழாய் என்று வாழும் குடும்பம் நோயாளியை எங்கே ஒதுக்கிவைக்கும்? ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை வைத்து இதை எண்ணிப் பார்க்கலாம். நோயாளிக்கு 10 நாள், உடனிருந்தவருக்கு 14 நாள் என்ற விதி நடப்பில் உள்ளதாகவும், மாதத்துக்கு 30 நாள் என்றும் கொள்வோம். தகப்பனாருக்கு 3ஆம் தேதி காய்ச்சல் தொடங்குகிறது. மூத்த மகன் ஒன்பதாம் வகுப்பு.

1. வீட்டில் தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருந்து, தகப்பனார் அன்றே ஒதுங்கிவிட்டால், மகனின் 14 நாள் 17ஆம் தேதி முடியும். 18ஆம் தேதி பள்ளிக்குப் போகலாம்.

2. ஒதுங்க இடமில்லை என்றால், தகப்பனார் தொற்றைப் பரப்பக்கூடிய கடைசி நாள் வரை மகன் அவரோடு பழகியதாகவே கொள்ள வேண்டும். அது 13ஆம் தேதி. அங்கிருந்து 14 நாள் எண்ணினால் 27ஆம் தேதி. 28ஆம் தேதி பள்ளி.

3. இதற்கிடையில் 20ஆம் தேதி தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவளது 10 நாள் 30ஆம் தேதி முடியும்; அதன்மேல் 14 நாள். அடுத்த மாதம் 15ஆம் தேதிதான் அண்ணன் பள்ளிக்குத் திரும்ப முடியும்.

ஆக, ஒரு நாள்கூட உடம்பு சரியில்லாமல் போகாத பையன் 41 நாட்கள் வீட்டில் இருந்திருக்கிறான். ஏறக்குறைய 30 பள்ளி நாட்கள். தனி அறை உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பத்துப் பள்ளி நாட்களோடு முடிந்த விஷயம் இது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், வீடுதான் ஒன்றாக இல்லை. கூடலூர், பந்தலூர், கோத்தகிரித் தோட்டங்களில் இருப்பவர்களுக்கும், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்புகளில் வாழும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விதி எழுதுகிறவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு முடிவு கிடைக்கிறது. வீட்டில் இடமில்லாத நோயாளிகளுக்காக அரசு கவனிப்பு மையங்கள் நடத்தியது. நோயாளி அங்கே போனால் பிள்ளைகளின் நாட்கள் அன்றே எண்ணப்படத் தொடங்கிவிடும். மையத்துக்குப் போகத் தயங்கிய குடும்பங்களிடம் யாராவது இதைத் தேதி போட்டு எழுதிக் காட்டியிருந்தால் பலர் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். கொழுந்து பறிக்கும் தாய்க்குத் தன் பிள்ளையின் ஒரு மாதப் படிப்பு என்ன பெறும் என்று தெரியும்.

## பள்ளியின் கணக்கு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலைநாட்களும், 6 முதல் 8 வரை 220 வேலைநாட்களும் நடக்க வேண்டும் என்கிறது. இது பள்ளிக்கான கடமை. பிள்ளைக்கான அளவுகோல் வேறு: பொதுத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை. சி.பி.எஸ்.இ. விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. நோய் போன்ற காரணங்களுக்குச் சான்றிதழுடன் விலக்குக் கேட்கவும் வழி உண்டு. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் இதே 75 விழுக்காடுதான் பேசப்படும் அளவு. எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் சிறு பிள்ளைகளுக்கு இந்த விழுக்காட்டால் தேர்ச்சி போகாது. அவர்களுக்கு இருக்கும் ஆபத்து வேறு. நீண்ட நாள் வராத பிள்ளை, பள்ளி மேலாண்மைத் தகவல் தளமான எமிஸில் இடைநின்றவர் பட்டியலை நோக்கி நகர்ந்துவிடும்.

நீலகிரிக்காரர்களுக்கு நன்கு பழகிய ஒன்றை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார்; சில நாட்களில் கூடலூர், பந்தலூர், குந்தா என்று வட்டம் வட்டமாகவும் அறிவிப்பார். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த மாவட்டம் இது. மழை விடுமுறையில் எந்தப் பிள்ளைக்கும் வருகை குறைவதில்லை, ஏனென்றால் அது வேலைநாளாகவே எண்ணப்படுவதில்லை. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விட்டால், ஒரு சனிக்கிழமை அதற்கு ஈடாகப் பள்ளி நடக்கிறது.

பள்ளியை மூடும் ஆணை வந்தால் யாருக்கும் நட்டம் எழுதப்படுவதில்லை. வீட்டை மூடும் ஆணை வந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நட்டம் எழுதப்படுகிறது. இரண்டும் அரசின் ஆணை, இரண்டும் ஊரைக் காக்க இடப்பட்டவை.

## ஒரே பிள்ளை, மூன்று விழுக்காடுகள்

தனிமையில் இருந்த நாட்களைப் பதிவேட்டில் மூன்று விதமாக எழுத முடியும். 200 வேலைநாட்கள் கொண்ட ஓர் ஆண்டில் 140 நாட்கள் வந்த பிள்ளையை எடுத்துக்கொள்வோம். வராத 60 நாட்களில் 30 தனிமைப்படுத்தலால் போனவை. மீதி 30 சாதாரண விடுப்பு.

1. தனிமை நாட்களையும் விடுப்பாகவே எழுதினால்: 200இல் 140. அதாவது 70 விழுக்காடு. தேர்வு எழுத விலக்குக் கேட்டு நிற்க வேண்டும்.

2. வீட்டிலிருந்து படித்ததாகக் கொண்டு வருகையாக எழுதினால்: 200இல் 170. அதாவது 85 விழுக்காடு.

3. அந்த 30 நாட்களை அந்தப் பிள்ளையின் வேலைநாட்களிலிருந்தே நீக்கினால்: 170இல் 140. அதாவது சற்றேறக்குறைய 82 விழுக்காடு.

மூன்றாவது முறையே நியாயமானது என்பது என் முடிவு. முதல் முறை, ஆணைக்குக் கீழ்ப்படிந்த குடும்பத்தைத் தண்டிக்கிறது. அந்தத் தண்டனைக்கு அஞ்சியே பெற்றோர் காய்ச்சலை மறைக்கிறார்கள், பாராசிட்டமால் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நோயைத் தடுக்க வந்த விதி நோயைப் பரப்பும் விதியாகிவிடுகிறது. இரண்டாவது முறை கேட்க இனிமையானது, ஆனால் உண்மை இல்லை. கல்வித் தொலைக்காட்சியும் கைபேசி வகுப்பும் இருந்தன என்றாலும், சிக்னலுக்காக மேட்டுக்கும் பாறைக்கும் ஏறிய பிள்ளைகள் இந்த மலையில் எத்தனையோ பேர். படிக்காத நாளைப் படித்த நாள் என்று எழுதினால், அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்தும் கடமை பள்ளியை விட்டுப் போய்விடும். மூன்றாவது முறையில் பிள்ளைக்குக் குறை வராது, பாடம் நிலுவையில் இருப்பதும் மறையாது. மழை விடுமுறைக்கு நாம் ஏற்கெனவே செய்வது இதைத்தான். அதற்குச் சனிக்கிழமை ஈடு உண்டு, இதற்கும் வேண்டும்.

இதைத் தலைமை ஆசிரியர் தாமாகச் செய்ய முடியாது. கல்வித் துறையின் ஆணை தேவை.

## 2020 முதல் 2022 வரை நடந்தது

வருகையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற முன்மாதிரி அரசு ஆவணத்திலேயே இருக்கிறது. 2020 செப்டம்பர் 30 அன்று மத்திய உள்துறை வெளியிட்ட தளர்வு நெறிமுறை, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான இசைவுடன் மட்டுமே மாணவர்கள் பள்ளிக்கு வரலாம், வருகையை வற்புறுத்தக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் 2021 ஜனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகள் திறந்தபோதும் பெற்றோரின் இசைவுக் கடிதம் கேட்கப்பட்டது. ஒரு வகுப்பறைக்கு 25 பேர் என்ற வரம்பும் இருந்தது. 9, 11ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்று திறந்து, மார்ச்சில் மீண்டும் மூடின. பிறகு 9 முதல் 12 வரை 2021 செப்டம்பர் 1, 1 முதல் 8 வரை நவம்பர் 1, ஒமைக்ரான் அலைக்குப்பின் 2022 பிப்ரவரி 1 என்று திறப்புகள் தொடர்ந்தன.

இந்த வரலாற்றில் பெற்றோர் மறக்கக் கூடாத நாள் 2020 ஜூன் 9. அன்று பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு கைவிடப்பட்டு எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. மதிப்பெண்ணில் 80 விழுக்காடு காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து; மீதி 20 விழுக்காடு வருகைப் பதிவிலிருந்து. 2019 ஜூனில் பத்தாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கோ அதன் தாய்க்கோ, அம்மை போட்டு வீட்டில் இருக்கும் ஒரு வாரம் மதிப்பெண்ணைத் தொடும் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. வருகைப் பதிவேடு தேர்வுத்தாளின் வேலையைச் செய்யும் காலமும் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வருகையைத் தளர்த்திவிட்டுப் பின்தொடராமல் விடுவதன் விளைவும் தெரிந்தது. 2023 மார்ச் 13 அன்று பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாளை மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 50,000 பேர் எழுத வரவில்லை. 2020–21இல் தேர்வில்லாமல் பத்தாம் வகுப்பைக் கடந்தவர்கள் அவர்கள். ஆகவே வருகை விதியைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வராத பிள்ளையைத் தேடிப் போவதற்கு அந்தப் பதிவேடுதான் கருவி. தண்டிக்கும் வேலையை மட்டும் அதனிடமிருந்து எடுத்துவிட வேண்டும்.

## விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது

நீலகிரியில் இருவகை உறைவிடப் பள்ளிகள் அருகருகே இருக்கின்றன. ஊட்டி, லவ்டேல் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளிகளில் நோயுற்ற மாணவரைத் தங்கவைக்கத் தனிக் கட்டடமும் செவிலியரும் இருப்பது வழக்கம். பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் பலர் ஒரே கூடத்தில் படுத்துறங்குகிறார்கள். அங்கே ஒருவருக்குத் தொற்று வந்தால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பதே முதலில் தோன்றும்.

அது ஆபத்தான முடிவு. நோய் அரும்பும் காலத்தில் இருக்கும் முப்பது பிள்ளைகளை முப்பது வீடுகளுக்கு அனுப்பினால், நோயை முப்பது இடங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததாகும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு தொல்குடிகள் வாழும் மாவட்டம் இது. முதியவர்கள் உள்ள, மருத்துவமனைக்கு ஜீப் கிடைக்காத குடியிருப்புக்குத் தொற்று போனால் அதன் விலை மிகப் பெரிது. இன்னொன்றும் உண்டு: விடுதி மூடினால் மூன்று வேளைச் சாப்பாடும் நின்றுபோகும். கொரோனாக் காலத்தில் சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை கொடுத்தது போன்ற ஏற்பாடு, விடுதிப் பிள்ளைகள் ஊர் போய்ச் சேரும் முன்பே தயாராக இருக்க வேண்டும். ஒரு கூடத்தை நோயாளிகளுக்கு, ஒன்றை உடனிருந்தவர்களுக்கு என்று பிரித்து, பிள்ளைகளை அங்கேயே வைத்துக்கொள்வதே முதல் வழி.

## சாதாரணத் தொற்றுகளுக்கு இத்தனை நாள் வேண்டாம்

பெருந்தொற்றுக்குப் பின் சில பள்ளிகள் எந்தக் காய்ச்சலுக்கும் இரண்டு வாரம் வராதே என்கின்றன. அதற்கு மருத்துவ அடிப்படை இல்லை.

1. பொன்னுக்கு வீங்கி: வீக்கம் தொடங்கி 5 நாட்கள்.
2. சின்னம்மை: எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்.
3. தட்டம்மை: தடிப்பு தோன்றி 4 நாட்கள்.
4. சளிக்காய்ச்சல்: மருந்தில்லாமலே காய்ச்சல் நின்று 24 மணி நேரம்.

இவற்றில் நலமாக இருக்கும் அண்ணன் தம்பிகளை வீட்டில் நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இல்லை. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இடம் இல்லாததால் இவை பள்ளிகளில் அவ்வப்போது பரவத்தான் செய்யும்.

நிபா இந்த வரிசையில் சேராது. கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளில் 2018, 2021, 2023, 2024, 2025 ஆண்டுகளில் அது தலைகாட்டியது. எளிதில் பரவாது, ஆனால் வந்தால் உயிர் பறிக்கும் விகிதம் மிக அதிகம். அதனால் தொடர்பில் இருந்தவர்களை 21 நாட்கள் கண்காணிக்கிறார்கள். நோயாளியோடு நேரடித் தொடர்பில் இருந்தவர் பட்டியலில் பெயர் உள்ள பிள்ளைக்குத்தான் அந்த 21 நாள். நாடுகாணி வழியாக நிலம்பூருக்குப் போய்வந்த பிள்ளை, அல்லது தாளூர், பாட்டவயல் சோதனைச் சாவடியைக் கடந்து சுல்தான் பத்தேரியில் உறவினரைப் பார்த்துவந்த பிள்ளை என்பதற்காக மட்டும் வகுப்பறையிலிருந்து விலக்கிவைப்பது விதியாகாது.

## ஆணை யாருடையது, கையில் என்ன இருக்க வேண்டும்

காய்ச்சலோடு வந்த பிள்ளையை அன்று வீட்டுக்கு அனுப்பத் தலைமை ஆசிரியருக்கு உரிமை உண்டு. நலமாக இருக்கும் ஒரு குடும்பத்தை இத்தனை நாள் வெளியே வராதே என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் பள்ளிக்கு இல்லை. அது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆகியவற்றின் கீழ் மாவட்ட நிர்வாகத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் உரியது. வீட்டு வாசலில் நோயாளி வீடு என்று சுவரொட்டி ஒட்டுவதைக்கூட, உரிய அதிகாரி பேரிடர்ச் சட்டத்தின்கீழ் உத்தரவிட்டால் அன்றிச் செய்யக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வகுப்பில் பிள்ளையின் பெயரைச் சொல்லி அறிவிப்பதும் அதே அளவு தவறு.

ஆணை வாய்மொழியாகவே வந்து போவதுதான் பெற்றோரின் கையை முடக்குகிறது. சுகாதார ஆய்வாளரோ கிராம சுகாதார செவிலியரோ வந்து சொல்லும்போதே, ஆரம்ப சுகாதார நிலையத்தின் முத்திரையோடு ஒரு துண்டுக் கடிதம் கேட்டுப் பெற வேண்டும். அதில் நான்கு விவரங்கள் போதும்: பிள்ளையின் பெயரும் வகுப்பும், நோயாளியா, உடனிருந்தவரா என்பது, தனிமை தொடங்கும் நாளும் முடியும் நாளும், வீட்டில் இன்னொருவருக்கு நோய் வந்து நாட்கள் நீண்டால் புதிய முடிவு நாள். நோயின் பெயரும் குடும்பத்தில் யாருக்கு நோய் என்பதும் பள்ளிக்குத் தேவையில்லை. கேரளத்துச் சுகாதாரத் துறை கொடுக்கும் கடிதம் மலையாளத்தில் இருக்கக்கூடும். ஆங்கிலத்திலும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அந்தக் கடிதத்தின் நகலை விடுப்பு விண்ணப்பத்தோடு வகுப்பாசிரியரிடம் கொடுத்து, மூலத்தைப் பொதுத் தேர்வு முடியும்வரை வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஒரே லயனில் பல வீடுகள் ஒன்றாக மூடப்பட்டிருந்தால் தனித்தனியே அலைய வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. தனிமை நாட்களை வேலைநாட்களிலிருந்து நீக்கவும், விடுபட்ட பாடங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்தவும் கோரி அந்தக் குழு தீர்மானம் இயற்றி, முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பலாம்.